ஸ்டர்ஜிஸ் பைக் திருவிழா வேலை: பாதியை மட்டும் எழுதினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் ஸ்டர்ஜிஸ் என்ற ஊரில் வருஷா வருஷம் நடக்கும் மோட்டார் சைக்கிள் திருவிழாவைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன, ஊரைப் பற்றி எழுதியதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கடைசிப் பகுதியில், அங்கே பத்து நாள் வேலை பார்த்தால் ஒரு செமஸ்டர் செலவுக்குப் பணம் சேர்ந்துவிடும், அமெரிக்காவில் படிக்கிற நம் பிள்ளைகளுக்கு இது நல்ல வாய்ப்பு என்கிற மாதிரி எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை. நான் அந்த ஊரிலிருந்து காரில் அரை மணி நேரத் தொலைவில் ரேப்பிட் சிட்டியில் குடியிருக்கிறேன். சொந்த ஊர் திருப்பூர். ஆகஸ்ட் வந்தால் அந்தத் திருவிழாவுக்குத் தையல் வேலைக்குப் போகிறவள். அதனால் இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

அங்கே வேலை கிடைப்பது கஷ்டமே இல்லை. வேலை பார்க்க உங்களுக்குச் சட்டப்படி அனுமதி இருக்கிறதா, ராத்திரி எங்கே படுப்பீர்கள், கூலியை எப்படிக் கணக்குப் பார்ப்பார்கள் என்பதுதான் கஷ்டமான பகுதி. உங்கள் கட்டுரையில் விட்டுப்போனதும் இதுதான்.

அனுமதியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்குப் பதற்றமே அதில்தான். எஃப்-1 விசாவில் படிக்க வந்தவர்கள் கல்லூரி வளாகத்துக்குள் வேலை பார்க்கலாம், வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை. வளாகத்துக்கு வெளியே என்றால் தனியாக அனுமதி வாங்க வேண்டும், அதுவும் பொதுவாகப் படிப்போடு சம்பந்தப்பட்ட வேலைக்குத்தான் கொடுப்பார்கள். கம்ப்யூட்டர் படிக்கிற பையன் கேம்ப்கிரவுண்ட், அதாவது டெண்ட் போட்டுத் தங்குகிற திடல், அதன் வாசலில் டிக்கெட் கிழிப்பதையோ பாரில் பீர் எடுத்துக் கொடுப்பதையோ எந்தக் கணக்கிலும் அதில் சேர்க்க முடியாது. காசைக் கையில் கொடுக்கிறார்கள், கணக்கில் வராது, யாருக்குத் தெரியப் போகிறது என்று சீனியர்கள் சொல்லுவார்கள். கையில் வாங்கினாலும் பேங்கில் வாங்கினாலும் வேலை வேலைதான். அனுமதியில்லாத வேலை பார்த்தது தெரிந்தால் மாணவர் என்கிற நிலையே போய்விடும், அப்புறம் ஓபிடி என்கிற படிப்பு முடிந்த பிறகான வேலை அனுமதி, கம்பெனி மூலமாக வாங்குகிற ஹெச்-1பி வேலை விசா, கிரீன் கார்டு என்று எந்தக் கட்டத்தில் போய் நின்றாலும் அது கூடவே வரும். சம்பளம் வாங்கவில்லை, வாலண்டியராகத்தான் நின்றேன் என்பதும் எல்லா இடத்திலும் செல்லுபடியாகாது, வழக்கமாகக் கூலி கொடுத்து ஆள் வைக்கிற வேலையைச் சும்மா செய்தாலும் சிக்கல்தான்.

கட்டுரையாளர் எங்கே குழம்பியிருப்பார் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். இந்தப் பக்கத்துச் சுற்றுலாக் கடைகளிலும் ஹோட்டல்களிலும் கோடை காலத்தில் வெளிநாட்டு மாணவர்கள் வேலை பார்ப்பது உண்மை. அவர்கள் ஜே-1 விசாவில், கோடை வேலைக்கென்றே இருக்கிற திட்டத்தில், தங்கள் நாட்டுக் கல்லூரியிலிருந்து ஸ்பான்சர் மூலமாக வருகிறவர்கள். அவர்களைப் பார்த்துவிட்டு, இங்கே முதுகலை படிக்கிற நம் பிள்ளைகளும் போகலாம் என்று எழுதினால் அது வேறு ஒருவர் டிக்கெட்டில் இவர்களை ரயில் ஏற்றுகிற கதை. ஹெச்-1பிகாரர்களின் துணையாக ஹெச்-4 விசாவில் இருக்கிற மனைவிமார்களும் வேலை அனுமதி அட்டை இல்லாமல் போகக் கூடாது. ஹெச்-1பியில் இருப்பவர் அவரை எடுத்த கம்பெனியைத் தவிர வேறு எங்கும், வார இறுதியில்கூட, கூலிக்கு நிற்கக் கூடாது. அப்புறம் கோடையில் பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வருகிற அப்பா அம்மா. தெரிந்தவர் கடை போட்டிருக்கிறார், சும்மா உட்கார்ந்து கல்லாவைப் பார்த்துக்கொள்ளுங்கள் மாமா என்று யாராவது கூப்பிடுவார்கள். சுற்றிப் பார்க்க வந்த விசாவில் கல்லாவில் உட்கார்வதும் வேலைதான், தயவு செய்து அனுப்பாதீர்கள்.

யார் போகலாம் என்றால் குடியுரிமை உள்ளவர்கள், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள், எந்த முதலாளியிடமும் வேலை பார்க்கலாம் என்ற அனுமதி அட்டை கையில் உள்ளவர்கள். நம்மவர்களில் அப்படியும் நிறையப் பேர் இருக்கிறார்கள், இங்கேயே பிறந்து காலேஜ் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இனிமேல் எழுதுவது அவர்களுக்காக.

ஏன் அவ்வளவு வேலை இருக்கிறது என்று புரிய வேண்டுமானால் ஊரின் அளவு தெரிய வேண்டும். தெற்கு டகோட்டா மாநிலத்தில் பிளாக் ஹில்ஸ் மலை ஓரத்தில் இருக்கிற சின்ன ஊர் ஸ்டர்ஜிஸ், மக்கள்தொகை ஏழாயிரத்தை ஒட்டித்தான். பாப்பி ஹோயல் என்று எல்லாரும் கூப்பிட்ட கிளாரன்ஸ் ஹோயல் அந்த ஊரில் இந்தியன் என்ற பெயருள்ள மோட்டார் சைக்கிள் விற்றுக்கொண்டிருந்தார், அது அமெரிக்க கம்பெனிதான். அவரும் கூட்டாளிகளும் 1936-இல் ஜாக்பைன் ஜிப்சீஸ் என்று ஒரு பைக் கிளப் ஆரம்பித்து 1938 ஆகஸ்டில் ஒரு பந்தயம் நடத்தினார்கள். விரல் விட்டு எண்ணக்கூடிய பந்தயக்காரர்களோடு தொடங்கிய அந்தப் பந்தயம்தான் இன்றைக்கு இப்படி வளர்ந்து நிற்கிறது. உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் ரேஷன் வந்தபோது இடைவெளி விட்டார்கள், 2020-இல் கொரோனா நடுவிலும்கூட நடத்தினார்கள், அதற்காக நாடு முழுக்கத் திட்டு வாங்கியது தனிக் கதை. ஆகஸ்ட் முதல் வெள்ளிக்கிழமை தொடங்கி பத்து நாள். சாதாரண வருஷத்தில் ஐந்து லட்சத்தை ஒட்டிய கூட்டம், 75-வது திருவிழா நடந்த 2015-இல் ஏழு லட்சத்தைத் தாண்டியது என்று மாநிலப் போக்குவரத்துத் துறையின் கணக்கு.

ஏழாயிரம் பேர் இருக்கிற ஊரில் ஐந்து லட்சம் பேருக்கு யார் சமைப்பது, யார் தட்டுக் கழுவுவது, யார் குப்பை அள்ளுவது, தற்காலிகக் கழிப்பறைகளை யார் சுத்தம் செய்வது? உள்ளூர் ஆட்கள் லீவு போட்டுவிட்டு இறங்குகிறார்கள். கோடை விடுமுறையில் இருக்கிற ஸ்கூல் டீச்சர் கேம்ப்கிரவுண்ட் வாசலில் கையில் பட்டை கட்டிவிடுவார், ரிட்டயர் ஆனவர் வேனில் ஐஸ் மூட்டை ஏற்றிக்கொண்டு போவார். போலீஸ் வேலைக்கே வெளி மாநிலங்களிலிருந்து தற்காலிகமாக ஆள் எடுக்கிறது அந்த ஊர். அப்படியும் ஆள் போதாது.

உங்கள் கட்டுரையில் பார் வேலையை மட்டும் சொல்லியிருந்தீர்கள். படத்துக்கு நன்றாக இருப்பது அதுதான், டிப்ஸும் அதில்தான் அதிகம், ஆனால் அந்த இடத்துக்குப் போட்டியும் அதிகம். வருஷா வருஷம் அதே பெண்கள் அதே பாருக்குத் திரும்பி வருகிறார்கள். அதைத் தவிர எவ்வளவோ இருக்கிறது. கூடாரம் அடிப்பதற்கு ஜூலையிலேயே ஆள் தேவை, பத்து நாள் முடிந்ததும் பிரிப்பதற்கும் தேவை, அந்த இரண்டு வேலையும் திருவிழாக் கணக்கில் யாருக்கும் தோன்றாது, ஆனால் கூட்டம் இல்லாமல் நிம்மதியாகச் செய்யலாம். பைக் கழுவுகிற இடம், டயர் மாற்றுகிற இடம், டி-ஷர்ட் கடை, மோட்டலில் அறை சுத்தம் செய்வது, பார்க்கிங், பஸ், இழுவை வண்டி, பெரிய பைக் கம்பெனிகள் ஓட்டிப் பார்க்கக் கொடுக்கிற வண்டிகளுக்கு ஒத்தாசை. இதிலெல்லாம் ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள்.

என் வேலையைச் சொல்கிறேன், நான் உறுதியாகச் சொல்லக்கூடியது அதுதான். பைக் ஓட்டுகிறவர்கள் கையில்லாத லெதர் கோட்டு ஒன்று போட்டிருப்பார்கள், அதன் மேலே போன ஊர், சேர்ந்த கிளப், ராணுவத்தில் இருந்த படைப்பிரிவு, செத்துப்போன நண்பனின் பெயர் என்று துணி பேட்ச் தைத்திருக்கும். இந்த வருஷத்துப் பேட்சை வாங்கினதும் அங்கேயே தைத்துப் போட்டுக்கொண்டு போக வேண்டும் அவர்களுக்கு. அதற்கென்றே தையல் கடைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். நம் ஊரில் செருப்புக் கடையில் பார்த்திருப்பீர்களே, மெலிந்த நீளமான கையோடு ஒரு மிஷின், அதில் துணியை அமுக்குகிற கால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சுற்றும், அதே மிஷின்தான். ஆள் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு எதிரிலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பார். துணியில் தப்பாகத் தைத்தால் பிரித்துவிடலாம். லெதரில் ஊசி போன இடம் ஓட்டை ஓட்டைதான், அது மூடாது. அதனால் பேட்சை வைத்து, ஒட்டி, அவரைப் போட்டுப் பார்க்கச் சொல்லி, அரை இஞ்ச் மேலே என்றால் ஏற்றி, சரி என்று வாயால் சொன்ன பிறகுதான் ஊசியை இறக்க வேண்டும். அதைவிட முக்கியம், தைப்பதற்கு முன்னால் கோட்டுக்குள்ளே கையை விட்டுப் பார்ப்பது. உள்ளே பை இருக்கும், கைத்துப்பாக்கி வைக்கிறவர்கள் அந்தப் பையில்தான் வைப்பார்கள். அதைக் கவனிக்காமல் மேலே தைத்தால் பையின் வாயும் சேர்ந்து மூடிக்கொள்ளும். துப்பாக்கி, மூக்குக் கண்ணாடி, ரத்த அழுத்த மாத்திரை எல்லாவற்றையும் வெளியே எடுக்கச் சொல்லிவிட்டுத்தான் நான் கோட்டைக் கையில் வாங்குவேன். முதுகில் மூன்று துண்டாக வருகிற கிளப் பேட்ச் என்றால் அதைத் தொடவே மாட்டேன், கடைக்காரரைக் கூப்பிடுவேன், ஏனென்றால் அதை யார் போடலாம் யார் போடக் கூடாது என்பதில் அந்த கிளப்காரர்களுக்குக் கடுமையான விதி இருக்கிறது, நடுவில் தையல்காரி போய் மாட்டிக்கொள்ளக் கூடாது.

திருப்பூரில் கம்பெனியில் மிஷின் மிதித்தவர்கள் இங்கே எத்தனையோ பேர் வீட்டில் சும்மா இருக்கிறார்கள். அனுமதி அட்டை இருந்தால் இந்த வேலைக்குத் தாராளமாக வரலாம், கனமான துணியில் கை பழகியிருந்தால் லெதர் சீக்கிரம் பிடிபடும்.

வேலையை எப்படித் தேடுவது? பெரிய பார்களும் கேம்ப்கிரவுண்டுகளும் குளிர் முடிவதற்குள் விண்ணப்பம் வாங்க ஆரம்பித்துவிடும், மே கடைசிக்குள் நல்ல இடங்கள் நிரம்பிவிடும். பஃபலோ சிப் மாதிரி பெரிய கேம்ப்கிரவுண்டுகளுக்கு அவர்கள் தளத்திலேயே விண்ணப்பிக்கலாம், ஊர் நிர்வாகம் ஆள் எடுக்கிற தற்காலிக வேலைகளை நகர அலுவலகமே அறிவிக்கும். கடைக்காரர்கள் வேறு ரகம். அவர்களில் பாதிப் பேர் ஊர் ஊராகப் போகிறவர்கள், மார்ச்சில் ஃபுளோரிடாவில் டேட்டோனா, ஜூனில் நியூ ஹாம்ப்ஷயரில் லக்கோனியா, ஆகஸ்டில் இங்கே, அக்டோபரில் மறுபடியும் டேட்டோனா. அவர்களுக்கு ஒவ்வொரு ஊரிலும் உள்ளூர் ஆள் இரண்டு மூன்று பேர் தேவைப்படும், சொந்தமாகப் படுக்க இடம் உள்ள ஆள் என்றால் முதலில் கூப்பிடுவார்கள். போன வருஷக் கடைகளின் பெயரைக் குறித்து வைத்துக்கொண்டு வசந்த காலத்திலேயே பேசுவதுதான் நல்ல வழி.

முன்கூட்டியே எதுவும் அமையவில்லையா, அதற்கும் வழி இருக்கிறது. முதல் வார இறுதியில் அடிக்கிற வெயிலிலும் பன்னிரண்டு மணி நேர ஷிப்டிலும் நிறையப் பேர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுவார்கள். ஞாயிறு மாலை, திங்கள் காலையில் மெயின் ஸ்ட்ரீட்டிலும் லசெல் ஸ்ட்ரீட்டிலும் கடை கடையாக ஏறி இறங்கிக் கேட்டால் சமையல்கட்டிலோ குப்பை வண்டியிலோ இடம் இருக்கும். கேட்கப் போகும்போது மத்தியானம் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் நடுவில் போகாதீர்கள், கூட்டம் நெரிகிற நேரத்தில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அடையாள அட்டை, சோஷியல் செக்யூரிட்டி அட்டை இரண்டையும் கையில் வைத்திருங்கள், வேலை பார்க்க அனுமதி இருக்கிறதா என்று சரிபார்க்கிற ஐ-9 படிவத்துக்கு அவர்கள் அசலைப் பார்க்க வேண்டும்.

இப்போது கூலி. தெற்கு டகோட்டாவில் 2025-இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11.50 டாலராக இருந்தது. டிப்ஸ் வாங்குகிற வேலை என்றால் குறைந்தபட்சக் கூலியில் பாதி (2025-இல் 5.75 டாலர்) கொடுத்தால் போதும், மிச்சம் டிப்ஸில் வரும் என்பது சட்டம். டிப்ஸ் சேர்த்தும் குறைந்தபட்சக் கூலி முழுதாக வரவில்லை என்றால் குறைவதை முதலாளி போட்டுக் கொடுக்க வேண்டும், இது பல பிள்ளைகளுக்குத் தெரியாது. டிப்ஸ் பணத்தில் முதலாளியோ மேனேஜரோ பங்கு எடுக்கக் கூடாது என்று மத்திய அரசு சட்டம் 2018-இலேயே வந்துவிட்டது. வேலை செய்கிறவர்கள் தங்களுக்குள் ஒரே டப்பாவில் போட்டுப் பிரித்துக்கொள்வது வேறு விஷயம், அது செல்லும், ஆனால் எப்படிப் பிரிப்பார்கள் என்று முதல் நாளே கேட்டுவிட வேண்டும். வாரத்துக்கு 40 மணிக்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு கிடைக்கும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டு வராதீர்கள். வருஷத்தில் சில மாதம் மட்டும் நடக்கிற கேளிக்கை, பொழுதுபோக்கு இடங்கள் சிலவற்றுக்கு அந்த விதியிலிருந்து விலக்கு உண்டு, அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் சேர வேண்டும்.

இன்னொன்று. வேலைக்காரராக எடுக்கிறார்களா, காண்ட்ராக்டர் என்று எழுதிக்கொள்கிறார்களா என்று பாருங்கள். சம்பளத்தில் வரி பிடிப்பதற்கான டபிள்யூ-4 படிவம் கொடுத்தால் வேலைக்காரர். காண்ட்ராக்டர்களுக்குக் கொடுக்கிற 1099 படிவம் என்று சொன்னால் சொந்தத் தொழில் செய்கிறவர் கணக்கில் வருவீர்கள், வருமான வரிக்கு மேலே 15.3 சதவீதம் சுயதொழில் வரி நீங்கள்தான் கட்ட வேண்டும். இந்த மாநிலத்தில் மாநில வருமான வரி கிடையாது என்பது ஒரு ஆறுதல், மத்திய வரி உண்டு. மணிக்கு இவ்வளவு என்று காதுக்கு இனிமையாகச் சொல்கிற தொகை 1099 கணக்கில் எவ்வளவாகக் குறையும் என்று பேப்பரில் போட்டுப் பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள்.

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வருஷம் வெளி மாநிலத்துக் கடைக்காரர் ஒருவரிடம் தைத்தேன். ஒரு பேட்சுக்கு இவ்வளவு என்று வாயால் பேசி, தினமும் தைத்ததை நான் நோட்டில் எழுதி, ராத்திரி அவரிடம் காட்டி, அவரும் தலையை ஆட்டி, எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கடைசி ஞாயிறு கூடாரத்தைப் பிரிக்கிற நேரத்தில், நூலுக்கு இவ்வளவு, ஊசிக்கு இவ்வளவு, கரண்டுக்கு இவ்வளவு, கெட்டுப்போன கோட்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டே வந்து பாதியைக் கையில் வைத்தார். அந்தக் கெட்டுப்போன கோட்டு எது என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. என் கூடத் தைத்த பெண்ணுக்கு இங்கிலீஷ் வராது, அவளுக்கு அந்தப் பாதியில் பாதிதான். டிரெய்லரில் சாமானை ஏற்றிக்கொண்டிருக்கிற ஆளிடம் நின்று சண்டை போட முடியுமா, ராத்திரியே கிளம்பிவிட்டார். கூலி வராத புகாரை மாநிலத் தொழிலாளர் துறையில் கொடுக்கலாம், ஆனால் எழுத்தில் ஒன்றும் இல்லாமல் போனால் புகாருக்குக் கால் இல்லை. இப்போதெல்லாம் பேசினதை அன்றைக்கே ஒரு மெசேஜாக அனுப்பி, ஆமாம் என்று பதில் வாங்கிவிட்டுத்தான் மிஷினில் உட்காருகிறேன். பத்து நாளுக்குச் சேர்த்து வாங்குவதில்லை, இரண்டு நாளைக்கு ஒரு தடவை வாங்கிக்கொள்கிறேன். நல்ல கடைக்காரர்கள் இதற்கு முகம் சுளிப்பதே இல்லை, சுளிக்கிறவரிடம் சேரக் கூடாது.

படுக்க இடத்துக்கு வருகிறேன். சம்பாதித்ததெல்லாம் காணாமல் போகிற இடம் இதுதான். அந்தப் பத்து நாளில் மோட்டல் வாடகை மற்ற நாட்களைவிடப் பல மடங்கு ஏறிவிடும், உள்ளூர்க்காரர்கள் தங்கள் வீட்டையே வாடகைக்கு விட்டுவிட்டு ஊரை விட்டுப் போகிறார்கள், புல்வெளியில் டெண்ட் போடவும் வாடகை. வேலை கொடுப்பவரே டெண்ட் போட இடமும் குளிக்க வசதியும் தருகிறாரா என்பதைச் சம்பளத்துக்கு முன்னால் கேளுங்கள். தருகிறேன் என்றால் எங்கே, எவ்வளவு தூரம், இரவு வேலை முடித்துவிட்டுப் பகலில் தூங்க முடிகிற இடமா என்று கேளுங்கள். பைக் சத்தம் ராத்திரி இரண்டு மணிக்கும் அடங்காது, காதடைப்பான் இல்லாமல் போகவே கூடாது, தூங்குவதற்கும் சரி, வேலைக்கும் சரி, பத்து நாள் அந்தச் சத்தத்தில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் காதில் கூவிக்கொண்டே இருக்கும். வெயில் சில நாள் 38 டிகிரியைத் தொடும், அதே நாள் சாயங்காலம் மேகம் கறுத்து ஆலங்கட்டி கொட்டும். இந்த மலைப் பக்கத்து ஆலங்கட்டி கார் கண்ணாடியை உடைக்கிற அளவு வரும், மலிவு டெண்டை நம்பிப் படுத்தால் நடு ராத்திரியில் நனைந்துபோய் நிற்க வேண்டியதுதான்.

ரேப்பிட் சிட்டியில் தெரிந்தவர் வீட்டில் தங்கிக்கொண்டு தினமும் போய் வரலாம் என்று நினைப்பீர்கள், நானும் அப்படித்தான் போகிறேன், ஆனால் பகல் ஷிப்ட் மட்டும்தான் எடுப்பேன். மெயின் ஸ்ட்ரீட்டில் காரே விட மாட்டார்கள், பைக்குக்கு மட்டும்தான் அனுமதி, காரை எங்கேயோ விட்டுவிட்டு நடக்க வேண்டும். பார் இரண்டு மணிக்கு மூடும், சுத்தம் செய்து முடிக்க மூன்று மணியாகும், அந்த நேரத்தில் ரோட்டில் குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களும் இருப்பார்கள், ஹைவேயில் மானும் குறுக்கே வரும். ஒவ்வொரு வருஷமும் இந்தத் திருவிழாவில் விபத்தில் சாகிறவர்கள் இருக்கிறார்கள். தூக்கக் கலக்கத்தில் பத்தொன்பது வயதுப் பிள்ளை அந்த ரோட்டில் ஓட்டி வருவதை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது. இரவு வேலை என்றால் அங்கேயே படுக்க இடம் வேண்டும், இல்லையென்றால் அந்த வேலை வேண்டாம்.

பெண் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும், சங்கடமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். சில பார்களில் நீச்சல் உடை மாதிரிதான் போட்டுக்கொண்டு நிற்கச் சொல்வார்கள். அது பிடித்துச் செய்கிறவர்களை நான் ஒன்றும் சொல்லவில்லை, அவர்கள் உழைப்பு அவர்களுக்கு. ஆனால் விளம்பரத்தில் அதை எழுத மாட்டார்கள், வந்து நின்ற பிறகு சொல்லுவார்கள். அதனால் போனில் பேசும்போதே என்ன உடை என்று நேராகக் கேளுங்கள். சோஷியல் மீடியாவில் மட்டும் பேசிவிட்டு, தங்க இடம் சாப்பாடு எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் வா என்று கூப்பிடுகிற ஆளிடம் போகவே போகாதீர்கள். இந்தப் பத்து நாளில் சிறு வயதுப் பிள்ளைகளைப் பாலியல் உறவுக்கு இணையத்தில் தேடுகிறவர்களை போலீஸ் வலை விரித்துப் பிடிக்கிறது, வருஷா வருஷம் கைது நடக்கிறது. கடைக்குப் பெயர் இருக்க வேண்டும், நகரத்திடம் வாங்கின தற்காலிகக் கடை உரிமம் இருக்க வேண்டும், அதைக் காட்டுங்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இவ்வளவையும் படித்துவிட்டு அது ரௌடிகள் கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம், உங்கள் கட்டுரையிலும் அந்த வாடை கொஞ்சம் அடித்தது. என் மிஷினுக்கு முன்னால் வந்து நிற்பவர்களில் பெரும்பாலானோர் ஐம்பது அறுபது வயதுக்காரர்கள், பிளம்பர், பல் டாக்டர், ரிட்டயர் ஆன லாரி டிரைவர், வியட்நாம் போருக்குப் போய்வந்த தாத்தா. வருஷம் முழுக்கச் சேர்த்து வைத்து இந்தப் பத்து நாளுக்கு வருகிறவர்கள். மரியாதையாகப் பேசுவார்கள், தைத்தது பிடித்திருந்தால் கேட்ட காசுக்கு மேலேயே வைத்துவிட்டுப் போவார்கள், அடுத்த வருஷம் தேடிக்கொண்டு அதே கடைக்கு வருவார்கள். சேலை கட்டினவள் யாரென்று நினைக்கிறார்களோ என்று எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது உண்மை, ஆனால் அங்கே யாருக்கும் அதைப் பற்றிக் கவலை இல்லை, தையல் நேராக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். நான் இந்த வேலையை விரும்பித்தான் செய்கிறேன். அனுமதி இருக்கிற நம் பிள்ளைகள் ஒரு கோடையிலாவது இதைச் செய்து பார்க்க வேண்டும் என்றுதான் சொல்லுவேன், அமெரிக்காவை யூனிவர்சிட்டி ஜன்னல் வழியாக மட்டும் பார்த்தவர்களுக்கு இங்கே தெரிவது வேறு அமெரிக்கா.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். எஃப்-1 மாணவர்கள் பற்றிய வரியை மட்டுமாவது திருத்தி, கட்டுரை வந்த அதே ஞாயிறு இணைப்பில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். ஊரில் இருக்கிற பெற்றோர் உங்கள் பத்திரிகையில் படித்ததை அப்படியே பிள்ளைகளுக்கு போனில் சொல்லுகிறார்கள், என்னிடமே இரண்டு பேர் உங்கள் கட்டுரையைக் காட்டி என் பையனுக்கு ஒரு இடம் பார்த்துக் கொடுங்கள் அக்கா என்று கேட்டுவிட்டார்கள், இரண்டு பையன்களும் எஃப்-1. முடியாது என்று சொன்னபோது, பேப்பரிலேயே போட்டிருக்கிறதே என்கிறார்கள். திருத்தத்தை ஏப்ரலுக்குள் போட்டுவிடுங்கள், அதற்குப் பிறகு பிள்ளைகள் டிக்கெட் போட ஆரம்பித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ரேப்பிட் சிட்டி, தெற்கு டகோட்டா